நெற்றியில் சாம்பல், எதிரே பிரியாணி

பிப்ரவரி பதினான்காம் தேதி வந்தால் நான் மில்லுக்கு லீவு போட்டுவிடுவேன். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில், நூலின் தரம் பார்க்கும் லேபில் எனக்கு வேலை. முடிச்சு விழுந்த நூல், மெலிந்த நூல், அறுகிற நூல் என்று வருஷம் பூராவும் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தத் தேதியில் மட்டும் மில்லுக்குப் போனால் மற்றவர்கள் என்னைப் பரிசோதனை செய்வார்கள். காதலர் தினத்தன்று பச்சை உடுத்தினால் இன்ன அர்த்தம், மஞ்சள் என்றால் இன்னது, கறுப்பு என்றால் வேண்டவே வேண்டாம் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு கலர் விவரம் வருஷம் தவறாமல் சுற்றும். மில் பஸ்ஸில் ஏறும்போதே ஒவ்வொருத்தியின் சேலையையும் பார்த்துக் கமுக்கமாகச் சிரிப்பார்கள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத ஒருத்தி எந்தக் கலர் கட்டினாலும் அவர்களுக்கு அன்றைக்குப் பொழுது போய்விடும்.

அதனால் ஒதுங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒதுங்கியதில் ஒரு சுகம் கண்டு, அதுவே வழக்கமாகிவிட்டது. வெயில் ஜன்னலுக்கு வருகிறவரை தூக்கம். எண்ணெய் தேய்த்துக் குளியல். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் திண்டுக்கல் டவுனில் எனக்குப் பிடித்த பிரியாணிக் கடைக்குப் போய்விடுவேன். முதல் அண்டாவைத் தம் உடைக்கிற நேரத்தில் உட்கார்ந்தால்தான் அந்த வாசம் கிடைக்கும். "எத்தன பேருக்கா?" என்று சர்வர் கேட்பார். "ஒரு ஆள்" என்பேன். அதைச் சொல்ல முதல் வருஷம் தொண்டையைச் செருமிக்கொண்டேன், அப்புறம் பழகிவிட்டது. ஒரு மட்டன் பிரியாணி, தயிர் வெங்காயம், யாரோடும் பேச்சில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம். சாயங்காலம் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தலையில் வைத்தால் வாசம் மற்றவர்களுக்குத்தானே போகிறது.

இதில் சோகம் எதுவும் இல்லை. அந்த நாளை ஓட்டுவதற்கு இதைவிடப் படாதபாடு படுகிற ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன். இதய வடிவக் கேக்கை எதிரே வைத்துக்கொண்டு, அதில் பாதியைக்கூடச் சாப்பிட முடியாமல், போட்டோவுக்கு மட்டும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒழுங்காகக் கொண்டாடுகிறவர்கள் எங்கள் மில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும்தான். அன்றைக்குப் பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் பகல் முழுக்க ஃபேன் காற்றில் தூங்குகிறார்களாம். சுகவாசிகள்.

என்னுடைய இந்த ஏற்பாட்டுக்குள் ஒருத்தர் வந்தார். எங்கள் மில்லில் எலெக்ட்ரிகல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். திண்டுக்கல்லில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அவர் ஊர்ப் பக்கத்தில் நாற்பது தாண்டிய மாப்பிள்ளைகள் பெண் கிடைக்காமல் வரிசையில் நிற்பது ஊரறிந்த சங்கதி. இவரும் அந்த வரிசையில் நின்று பார்த்துவிட்டு, கால் வலித்து உட்கார்ந்துவிட்டவர்.

எங்கள் லேபில் குளிரும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூலின் கணக்கு தப்பும். ஏ.சி. கெட்டால் அவர் வருவார். போகப் போக, கெடாத நாளிலும் வர ஆரம்பித்தார். மெஷினுக்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு செத்த நேரம் நிற்பார். "நல்லாத்தானுங்க ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பாக வரும். அதற்கு மேல் நான் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு நாள், மில் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அவர் திரும்பிக் கேட்டார்.

"ஏனுங் மேடம், வருசா வருசம் அந்தத் தேதிக்கு லீவு போடறீங்களே, எங்கீங்க போவீங்க?"

"பிரியாணி சாப்பிட."

"யாரோடங்க?"

"யாரோடயும் இல்ல சார். ஒத்தையில."

திரும்பிக்கொண்டார். அடுத்த ஸ்டாப் தாண்டியது. மறுபடி திரும்பினார். "இந்த வருசம் நானும் வரட்டுங்களா?"

"வாங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

அப்போது அவர் பழனிக்கு மாலை போட்டிருந்தார். மார்கழியில் மாலை போட்டால், தைப்பூசத்துக்கு நடந்துபோய்க் கும்பிட்டு வந்த பிறகும், தை முடிகிறவரை அவர் வீட்டில் கவுச்சி கிடையாது. வீட்டுக்குப் போனதும் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தேதி காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பதினான்காம் தேதிக்கு மாசி பிறந்துவிடுகிறது. அதற்கு முந்தின நாள் செவ்வாய், முருகனுக்கு உகந்த நாள், அன்றைக்கும் ஆகாது. புதன்கிழமை பதினான்காம் தேதி பழுதில்லை. மறுநாள் அவரிடம் சொன்னேன். "எனக்காவ நாள் பாத்தீங்களா?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "இத்தன நாளா வாயக் கட்டிட்டு இருக்கறனுங்க. மொத வாய் உங்களோடதானுங்க" என்றார்.

அவருடைய காலண்டரை இவ்வளவு கவனமாகப் பார்த்த நான், என்னுடையதைப் பார்க்கவில்லை. நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பங்குக் கோயில் காலண்டர் தொங்குகிறது. அம்மா அதில் சிலிண்டர் வந்த தேதியையும் பால்காரர் வராத தேதியையும் எழுதிவைப்பாள். அதில் அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அறிவிப்பு வாசித்தார். போன வருஷக் குருத்தோலைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். புதன்கிழமை விபூதிப் புதன், தவக்காலம் ஆரம்பம், குருத்தோலையை எரித்துத்தான் நெற்றிக்குச் சாம்பல். அன்றைக்கு ஒருசந்தி, சுத்தபோசனம். அதாவது ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் கறி கூடாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்கு வேர்த்தது.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்று அம்மா காதருகில் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

தேதியைத் தள்ளிவைத்தால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் சுபாவம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவே ஒரு ஸ்டாப் தூரம் யோசிக்கிற மனுஷர். பெண் பார்க்கப் போன இடங்களில் "ஜாதகம் ஒத்துவரல", "பொண்ணு படிக்கணும்ங்குது", "அடுத்த மாசம் சொல்லி அனுப்புறோம்" என்று மரியாதையான சாக்குகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். அன்றைக்கு எனக்கு விரதம் என்று நான் போய்ச் சொன்னால், அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார். அப்புறம் ஏ.சி. பார்க்கக்கூட வரமாட்டார்.

சொல்லாமலும் இருக்க முடியாது. திங்கட்கிழமை பஸ்ஸில் சொன்னேன்.

"விபூதிப் புதனுங்களா? எங்க விபூதியாட்டவேங்களா?"

"சாம்பல்தான் சார். நெத்தியில சிலுவையாப் போடுவாங்க. அன்னைக்குக் கறி தொடக் கூடாது. நான் காலண்டரப் பாக்காமச் சொல்லிட்டேன்."

அவர் முகம் மாறவில்லை, அதுதான் எனக்குப் பயம். "அதுக்கென்னங்க மேடம். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார். எங்கள் மில்லில் 'பாத்துக்கலாம்' என்று சொன்ன ஸ்பேர் பார்ட் எதுவும் இன்றுவரை வந்ததில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சொல்லிவைத்த மாதிரி லேப் ஏ.சி. நிஜமாகவே ஒழுகியது. போன் பண்ணினேன். "ஆள அனுப்பறனுங்க" என்றார். அனுப்பவும் செய்தார். வந்த ஆள் கால் மணி நேரத்தில் சரிபண்ணிவிட்டுப் போய்விட்டார், வேலையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனுஷர் எனக்கு வேண்டும் என்பது, வேறொருத்தர் வந்து ஏ.சி.யைச் சரிபண்ணின அன்றைக்குத்தான் எனக்கே தெளிவானது.

புதன்கிழமை விடியற்காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். லீவு ஏற்கெனவே போட்டாயிற்று. வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்தேன். பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலண்டர் மேலும் இருக்கலாம். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஒருசந்தி என்றால் அந்த ஒரு வேளை தவிரத் தின்னக் கூடாது என்றுதானே விதி? பிரியாணிக் கடையில் உட்காரக் கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை.

போனை எடுத்து, "பேசின நேரத்துக்குக் கடைக்கு வாங்க. நான் இருப்பேன்" என்று அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

சேலை மாற்றிக்கொண்டு வந்தவளை அம்மா வழிமறித்தாள்.

"நெத்தியில சாம்பலோட எங்கடி கெளம்பிட்ட?"

"பிரியாணிக் கடைக்கு."

"வெளங்கிரும்" என்றாள் அம்மா. "கோயில்ல எல்லாரும் பாவத்த விடுறதுக்குத்தான் சாம்பல் பூசுறாக. இவ புதுசாப் புடிக்கக் கெளம்பிட்டா."

"சாப்பிட மாட்டேன்மா."

"பின்ன என்னத்துக்குப் போற, வெறகு பொறுக்கவா?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். என்னைத் தெரிந்த சர்வர், வாயைத் திறக்கப் போனவர் என் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, இன்னைக்கு உங்களுக்கு விபூதிப் புதன்ல?"

"ஆமா."

"அப்ப..." என்று இழுத்தார்.

"ரெண்டு பேரு" என்றேன். ஒருவர் என்று சொல்லக் கூச்சப்பட்ட காலம் போய், இரண்டு பேர் என்று சொல்லக் கூசுகிற காலம் வந்துவிட்டது. அவர் வராவிட்டால் இந்தச் சர்வர் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

சுவரோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தம் உடைத்தார்கள். சீரகச் சம்பா வாசம் வந்து மூக்கில் இடித்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருக்கிற வயிறு ஒரு சத்தம் போட்டது. பக்கத்து டேபிள்காரர் தன் செல்போன்தான் அதிர்கிறது என்று நினைத்து எடுத்துப் பார்த்தார்.

திரும்பினால், பார்சல் கவுண்டரில் எங்கள் பங்கில் செபமாலையை முன்னின்று சொல்லும் அக்கா நிற்கிறார். நெற்றியில் என்னைவிடப் பெரிய சிலுவை. கையில் கனமான பை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் பையை மூடினார். பிறகு, ஓடினால் அசிங்கம் என்று நினைத்தாரோ என்னவோ, கிட்டே வந்துவிட்டார்.

"மாடியில குடியிருக்கிறவுகளுக்கு வாங்கிட்டுப் போறேன். அவுக இந்துக்க" என்றார்.

"நான் சும்மா உக்காந்திருக்கேன்க்கா" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. "சரி, யார்ட்டயும் எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அக்கா போனார். இன்றுவரை செபமாலையில் என்னைப் பார்த்தால் ஒரு மணி தவறவிட்டுத்தான் தொடர்வார்.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. சர்வர் இரண்டு தடவை வந்து டேபிளைத் துடைத்துவிட்டுப் போனார். நிற்கிற கூட்டம் என் எதிர் நாற்காலியைப் பார்க்க ஆரம்பித்தது. ஒருத்தர் "இங்க ஆள் வராகளா?" என்றே கேட்டுவிட்டார். "வாராரு" என்றேன். சொன்ன குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இல்லாவிட்டால் எழுந்து போய் அம்மாவின் வாயில் விழுவோம் என்று நினைத்துக்கொண்டு வாசலைப் பார்க்காமல் உப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கோங் மேடம்."

அவர்தான். மில் சட்டையோடு நின்றார். நெற்றியில் விபூதி பாதி வேர்வையில் கரைந்திருந்தது.

"லீவக் கேன்சல் பண்ணிப்போட்டு மில்லுக்குப் போயிட்டனுங்க. அங்க போயித்தான் மெசேஜப் பாத்தனுங்க. அர நாள் லீவு சொல்லிட்டு, டவுன் பஸ் புடிச்சு ஓடியாறனுங்க."

"உக்காருங்க" என்றேன். எதிர் நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன், அத்தனை சந்தோஷம்.

சர்வர் இரண்டு இலை போட வந்தார். "ஒண்ணு போதும்" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முன்னால் வெறுமையாக இருந்த மேஜையைப் பார்த்தார். இலையைக் கையால் தள்ளினார்.

"நீங்க சாப்புடாம நானெப்படிங்க? எனக்கும் வேண்டாமுங்க. உங்க நோம்பு எப்ப முடியுதுங்க? ஈஸ்டருங்களா? அது வரைக்கும் நானும் இருந்துக்கறனுங்க. மார்கழியில இருந்து இருக்கறவனுக்கு இது ஒரு கணக்காங்க?"

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் உருகியிருப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்காக ஒருத்தர் பட்டினி கிடந்தால் அந்தப் பட்டினியை ஆயுசு பூராவும் நான்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். அம்மா இன்றைக்கும் சண்டை வந்தால், என்னைச் சுமந்தபோது மாங்காய் தின்னாமல் இருந்ததைச் சொல்லிக்காட்டுவாள். எனக்கு இதெல்லாம் ஆகாது.

"சார், நான் கும்புடுற சாமிக்கு நான் விரதம் இருக்கேன். உங்க சாமிக்கு நீங்க இருந்து முடிச்சிட்டீங்க. நடுவுல எனக்குன்னு தனியா ஒரு விரதம் வேண்டாம். பேசாமச் சாப்பிடுங்க."

திட்டு வாங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார். சர்வர் அதுதான் சமயம் என்று பிரியாணியை வைத்துவிட்டார். ஆவி பறந்தது. அவர் கையை இலைக்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க, வவுத்தக் காயப்போட்டுட்டு?"

"உங்களப் பாக்கத்தான்."

சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பக்கத்து டேபிள்காரர் எலும்பைக் கடித்தவாறே நிமிர்ந்தார். நிமிரட்டும். இந்த மனுஷர் எனக்கு வேண்டும் என்பது சாக்கு எதுவும் ஒட்டாமல் தெரியும்படி, நெற்றியில் சாம்பலோடும் காலியான வயிற்றோடும் பிரியாணிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். திண்டுக்கல்லில் பிறந்த ஒருத்தி இதற்கு மேல் என்னத்தைச் செய்து காட்டுவது?

அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்துபோய் முதல் வாயை எடுத்தார். கூச்சத்தில் பருக்கை பருக்கையாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் நாக்கு ஞாபகப்படுத்தியது போல, சோற்றைப் பிசைந்து கறியோடு சேர்த்து, கண்ணை மூடி ஒரு வாய். எனக்குப் பசி மறந்துபோயிற்று என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை, அந்த வாசத்தில் குடல் பிசைந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது. ஒரு மனுஷர் ஆசையாகச் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

"இன்னொண்ணு கொண்டாங்க" என்று சர்வரிடம் நான்தான் சொன்னேன். சாப்பிடுகிறவர் மறுக்கவில்லை.

பாதியில் தலையைத் தூக்கிக் கேட்டார். "ஏனுங், இந்தக் கத்திரிப்பூக் கலர் சீலைக்கு என்னங்க அர்த்தம்? வாட்ஸ்ஆப்புல வந்ததுல பாத்தனுங்க. இந்தக் கலரே இல்லீங்க."

"தவசு காலம்னு அர்த்தம். கோயில்ல இன்னைக்கு இந்தக் கலர்தான்."

"ஓ" என்றார். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. பிறகு, "நல்லாருக்குதுங்க" என்று இலையைப் பார்த்துச் சொன்னார்.

கை கழுவிவிட்டு வந்தவர் உடனே கிளம்பவில்லை. கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். போனை எடுத்துக் காலண்டரைத் திறந்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். முகம் தொங்கியது.

"அடுத்த வருசம் இதே தேதி வெள்ளிக்கெழமைங்க. எங்கூட்டுல வெள்ளிக்கெழம கவுச்சி ஆகாதுங்களே."

நானும் என் போனைப் பார்த்தேன். அடுத்த வருஷம் எங்கள் தவக்காலம் மார்ச்சில்தான் தொடங்குகிறது. "எனக்கு அன்னைக்கு ஒண்ணும் இல்ல. நான் சாப்பிடலாம்."

"நானுங்க?"

"எதுத்தாப்புல உக்காந்து பாருங்க."

சிரித்தார். அப்புறம் வழக்கம்போல யோசித்தார். சர்வர் வந்து இலையை எடுத்துப்போனார், மேஜையைத் துடைத்தார், சோம்பு வைத்தார். அத்தனையும் முடிகிறவரை போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அதுக்கும் அடுத்த வருசம் சனிக்கெழமைங்க. உங்க நோம்பும் இல்லீங்க, எங்க நோம்பும் இல்லீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்புட்டுக்கலாமுங்களா?"

நான் "சரிங்க" என்றேன்.